ஒரு இசையில காலூனிட்டு இன்னொண்ணுக்குள்ள போறது எப்படி – குமரி மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கு

இசை படிக்கணும்னு ஆசைப்படுற பிள்ளைங்க நம்ம ஊர்ல மொதல்ல கேக்குறது "சென்னைக்குப் போனாத்தான் ஆகுமா"ன்னுதான். இங்க இருந்தா ஆகாதுன்னு யாரு சொன்னா? கத்துக்கிட வேண்டியதுல முக்கால்வாசி நாகர்கோவில்ல இருந்து ஒரு பஸ் ஏறி எறங்குற தூரத்துலயே கெடக்கு. ஞாயித்துக்கிழமை காலைல சர்ச்சுக்குப் போனா நாலு குரல்ல பாடுற கொயர், பங்குனி சித்திரைல எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கொடைல (திருவிழாவுல) வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும், மார்த்தாண்டம் குழித்துறை பக்கம் போனா செண்டையும் சிங்காரி மேளமும், தக்கலைல சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பா ஆண்டுவிழாவுல ராத்திரி முழுக்க உக்காந்து அவரோட ஞானப்புகழ்ச்சிய பாடுறாங்க, சுசீந்திரத்துல மார்கழித் திருவிழா வந்தா நாதஸ்வரம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர்லயும் அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சிலயும் இருந்தவங்க, அதனால மலையாளக் கரையோட தாளமும் தமிழ்ப் பாட்டும் ஒரே தெருவுல கேக்கும், இப்படி ஒரு இடம் அமையிறது சுலபம் இல்ல.

ஆனா இவ்வளவும் பக்கத்துல இருக்குறதாலயே ஒரு தொந்தரவும் உண்டு. ஆறு மாசம் கீபோர்டு, அப்புறம் ரெண்டு மாசம் மிருதங்கம், அதுக்குள்ள ஒரு கிட்டார் வாங்கி நாலு கார்டு (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) பிடிச்சு, யூட்யூப்ல கொஞ்சம் ஹிந்துஸ்தானின்னு போற பிள்ளைங்கள நான் நிறைய பாக்குறேன், கடைசில எதுலயும் தனியா ஒரு பாட்டு முழுசா நிக்க மாட்டேங்குது. அவங்களுக்கு திறமை இல்லாம இல்ல. போற வரிசைதான் சரியில்ல. அந்த வரிசைய பத்தித்தான் இங்க எழுதுறேன். மொதல்ல ஒண்ணுல காலூனணும், அப்புறம் ரெண்டாவதுக்குள்ள அதோட ஆகச் சின்ன வேலைய கேட்டு வாங்கிட்டு போகணும், அவ்வளவுதான் விஷயம், ஆனா அத எப்படிச் செய்யணும்ங்கறதுல நிறைய இருக்கு.

மொதல் இசைய எப்படி தேர்ந்தெடுக்கணும்

எது ரொம்ப பிடிக்கும்னு பாத்து தொடங்காதீங்க. பிடிச்சது மாறிட்டே இருக்கும், பதினாலு வயசுல பிடிச்சது பதினெட்டுல பிடிக்காது. ரெண்டு கேள்வி கேளுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவயாவது நேர்ல போயி உக்காரக்கூடிய தூரத்துல நல்ல ஆசான் எதுக்கு இருக்காரு? வாரத்துக்கு ஒரு தடவயாவது மத்தவங்களோட சேந்து பாடவோ வாசிக்கவோ எதுல இடம் கெடைக்கும்? ரெண்டுக்கும் சேத்து எது பதிலா வருதோ அதுதான் உங்களுக்கு மொதல் இசை. சர்ச்சுக்கு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது கொயரா இருக்கும், வேற ஒருத்தருக்கு கர்நாடக வாய்ப்பாட்டா இருக்கும், அப்பா மேளக்காரரா இருந்தா தவிலா இருக்கும். எதுவும் ஒண்ணுக்கு ஒண்ணு கொறைச்சல் இல்ல.

நல்ல ஆசான்னு எப்படித் தெரியும்னா, அவரோட பழைய பிள்ளைங்கள பாருங்க. மூணு நாலு வருஷம் படிச்ச பிள்ளை ஆசான் பக்கத்துல இல்லாம ஒரு புது பாட்ட எடுத்து தானே படிச்சிருமா? படிச்சிரும்னா அவரு கொள்ளாம். மேடைல ஆசான் கண்ணக் காட்டினாத்தான் அடுத்த வரி வருதுன்னா வேற ஆளப் பாருங்க. ஃபீஸ், சர்டிபிகேட், சுவத்துல தொங்குற போட்டோ இதெல்லாம் ரெண்டாவது.

முறையா காலேஜ் படிப்பா படிக்கணும்னா நமக்கு ரெண்டு பக்கமும் வழி இருக்கு. வடக்க திருநெல்வேலில மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு, அங்க மூணு வருஷப் படிப்பு, குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம்னு பிரிவு உண்டு. மேற்க திருவனந்தபுரத்துல சுவாதித்திருநாள் இசைக்கல்லூரி, 1939ல தொடங்கினது, மொத பிரின்சிபால் யாருன்னா நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், அவருக்கு அப்புறம் செம்மங்குடி சீனிவாசய்யர். ரயில்ல காலைல போயி சாயங்காலம் வர்ற தூரம்தான். மேல்நாட்டு இசைன்னா டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இப்படி லண்டன் போர்டுகளோட பரீட்சை இருக்கு, கிரேடு 1ல இருந்து 8 வரைக்கும், நம்ம ஊர் டீச்சருங்களே அதுக்கு தயார் பண்ணுவாங்க. கிரேடு பரீட்சை நல்லதுதான், ஒரு ஒழுங்கு வரும், ஆனா வருஷம் முழுக்க பரீட்சைக்கு உள்ள மூணு பாட்ட மட்டும் வாசிச்சிட்டு கிரேடு ஏறுறது படிப்பு இல்ல. ஒவ்வொரு கிரேடுக்கும் நடுவுல பரீட்சைல இல்லாத பத்து பாட்டாவது வாசிச்சிருக்கணும்னு நான் சொல்லுவேன்.

எப்போ ரெண்டாவதுக்குப் போலாம்? வருஷக்கணக்கு பாக்காதீங்க, இத பாருங்க: சுருதிப்பெட்டி மட்டும் வச்சிட்டு நீங்களே பாடினா சுருதி வெலகாம இருக்கா, கைத்தாளம் போட்டுட்டே பாடினா தாளம் நிக்குதா, எழுதி வச்ச ஒரு புதுப் பாட்ட யாரும் சொல்லித் தராம படிக்க முடியுதா. கர்நாடகத்துல சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி எல்லாம் தாண்டி ரெண்டு மூணு வர்ணம் ரெண்டு காலத்துல (ரெண்டு வேகத்துல) நிதானமா வந்துட்டுன்னா போதும். கொயர்ல ஆல்டோவோ (பெண்குரல்ல கீழ் பாகம்) பேஸோ (ஆண்குரல்ல கீழ் பாகம்) உங்க பாகத்த பக்கத்துல ஆள் இல்லாம தனியா நின்னு பாட முடிஞ்சா போதும்.

சுருதியும் சோல்ஃபாவும்

இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கு இதுல ஒரு பெரிய சொத்து சும்மா கெடக்கு, யாரும் எடுத்துப் பாக்குறது இல்ல.

1806ல ரிங்கல்தௌபேங்கற மிஷனரி மயிலாடிக்கு வந்தாரு, அதுக்குப் பிறகு மிஷன் சர்ச்சுகள் பெருகி, காலப்போக்குல கொயர்ல டானிக் சோல்ஃபா முறையும் வந்து நின்னுட்டு. டோ ரே மீ ஃபா சோ லா டீ. இங்கிலாந்துல சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வன் பரப்பின முறை அது, ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாத சாதாரண ஜனங்க சேந்து பாடணும்னுதான் அத கொண்டுவந்தாங்க. அதுல டோ எந்த சுருதிலயும் நிக்கும். நம்ம ஸவும் அப்படித்தான், ஒரு கட்டைலயும் நிக்கும் அஞ்சு கட்டைலயும் நிக்கும் (கட்டைன்னா சுருதியோட உயரத்துக்கு நாம சொல்ற அளவு). அப்போ கொயர்ல வளந்த பிள்ளை கர்நாடகத்துக்கு வந்தா ஸ்வரம் படிக்கிறதுல பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சாச்சு. கர்நாடகம் படிச்ச பிள்ளை கொயருக்குப் போனாலும் அப்படியே. டோ ரே மீ ஃபா சோ லா டீ வரிசையா பாடுங்க, உடனே அதே இடத்துல ஸ ரி க ம ப த நி பாடுங்க, சங்கராபரண ராகத்தோட ஸ்வரங்கள் அத்தனையும் அங்க இருக்கும்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் எல்லாரும் குழம்புவாங்க. சோல்ஃபால மைனர் பாட்டு வந்தா வீடு, அதாவது பாட்டு வந்து உக்காருற ஸ்வரம், லாவுக்கு மாறிரும், லா டீ டோ ரே மீ ஃபா சோன்னு எழுதுவாங்க. கர்நாடகத்துல அப்படி கெடையாது, பாட்டு எங்க வந்து உக்காருதோ அதுதான் ஸ. அதனால அதே மைனர் வரிசைய நாம நடபைரவி ராகம்னு ஸ ரி க ம ப த நி ஆவே படிப்போம், க, த, நி மூணும் எறங்கி நிக்கும். இத பழகுறதுக்கு ஒரு பயிற்சி: ஒரு மைனர் பாட்ட எடுத்து லா வச்சு ஒரு தடவ, ஸ வச்சு ஒரு தடவ எழுதுங்க, ரெண்டையும் பாடுங்க. பத்துப் பாட்டு எழுதிட்டா அப்புறம் எந்த நொட்டேஷன நீட்டினாலும் பயம் வராது.

கட்டைக் கணக்கையும் மனசுல வச்சிக்கிடுங்க, இது தெரியாம எத்தனை ரிகர்சல் வீணாப் போகுது. 1 கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், 2 டி, ரெண்டரை டி ஷார்ப், 3 ஈ, 4 எஃப், நாலரை எஃப் ஷார்ப், 5 ஜி, அஞ்சரை ஜி ஷார்ப், 6 ஏ, ஆறரை ஏ ஷார்ப், 7 பி. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல அரை கெடையாது, ஏழுக்கு மேல அடுத்த ஒண்ணுதான். பெரும்பாலும் ஆண்குரல் கர்நாடகத்துல ஒண்ணு ஒன்றரைல இருக்கும், பெண்குரல் அஞ்சு அஞ்சரைல. கிட்டார் பையன்கிட்ட போயி "அஞ்சரை எடு"ன்னா முழிப்பான், "ஜி ஷார்ப், ஒண்ணுல கேப்போ (கிட்டார் கழுத்துல மாட்டுற கிளிப்) போட்டு ஜி வாசி"ன்னு சொன்னா முடிஞ்சுது.

தினமும் காலைல தம்பூரா ஆப்ப போட்டு பத்து நிமிஷம் ஸ, ப, மேல் ஸ மட்டும் நீளமா பிடிங்க. ரப்பர் பால் வெட்டுற வீடுன்னா விடியும் முன்னாலயே எழும்புவீங்க, வேலைக்கு முன்னால அஞ்சு நிமிஷம் மெதுவா கீழ் ஸ்தாயில பிடிச்சாப் போதும், மீதிய சாயங்காலம் வச்சிக்கிடலாம்.

தாளம்

வேற வேற இசைக்குள்ள போறப்ப மொதல்ல காட்டிக்குடுக்குறது குரல் இல்ல, தாளம்தான். கொயர் பிள்ளைக்கு மிஸ்ர சாப்பு வந்தா தடுமாறும், ஏழு அட்சரம் (எண்ணிக்கை), 3ம் 4மா பிரியும். கர்நாடகப் பிள்ளைக்கு பேண்டுல போயி நின்னா ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் ஸ்நேர் டிரம் அடி விழுறது பிடிபடாது. அதனால வாயில சொல்லுற சொற்கட்ட எல்லாரும் படிங்க, மிருதங்கம் வாசிக்கணும்னு இல்ல, வாய் போதும். மூணுக்கு தகிட, நாலுக்கு தகதிமி, அஞ்சுக்கு தகதகிட, ஏழுக்கு தகிடதகதிமி, ஒம்பதுக்கு தகதிமிதகதகிட. பஸ்ஸுல போறப்ப ஒரு கையால ஆதிதாளம் எட்டு அட்சரம் போட்டுட்டே வாய்க்குள்ள ஒரு அட்சரத்துக்கு நாலு, அப்புறம் மூணு, அப்புறம் அஞ்சு மாத்தி மாத்தி சொல்லிப் பாருங்க, கை கொஞ்சம்கூட வேகம் மாறக்கூடாது. இது வந்துட்டுன்னா சர்ச்சுல மூணு மூணா எண்ணுற 6/8 பாட்டும், அதே மாதிரி மூணு மூணா திஸ்ர நடைல வர்ற வில்லுப்பாட்டு மெட்டும் உங்களுக்கு ஒரே குடும்பமா தெரியும்.

காலம்ங்கறது என்னன்னு உடம்புல ஏறணும்னா கேரளத்து பஞ்சாரி மேளத்த ஒரு தடவ ஆரம்பத்துல இருந்து நின்னு கேளுங்க. மொத காலத்துல ஒரு சுத்து 96 அட்சரம், அப்புறம் 48, 24, 12, கடைசில 6. ஒவ்வொரு தடவயும் சரியா பாதியா கொறையும், கூட்டம் சூடாகும். மொத காலத்துல எலத்தாளம் (பெரிய ஜால்ரா) பிடிக்கிறவங்க எப்படி பொறுமையா எண்ணுறாங்கன்னு அவங்க கையப் பாருங்க. மெட்ரோநோம் (தாளம் தட்டுற) ஆப்புல எத்தனை வருஷம் பழகினாலும் அந்தப் பொறுமைய நேர்ல பாத்தாத்தான் புரியும்.

சின்ன வேலைய கேட்டு வாங்குறது

நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது இதுதான். நம்ம ஊர்ல இருக்குற ஒவ்வொரு இசைக்கும் புதுசா வர்றவனுக்குன்னு ஒரு இடம் பெரியவங்க ஏற்கெனவே வச்சிருக்காங்க. வில்லுப்பாட்டுல ஜால்ரா, கட்டை (தாளத்துக்குத் தட்டுற மரக்கட்டை), பின்பாட்டு. சிங்காரி மேளத்துல எலத்தாளம். நாதஸ்வர செட்டுல கைத்தாளம், சுருதிப்பெட்டி. கொயர்ல பின்வரிசை பேஸ், ஆல்டோ. பேண்ட் செட்டுல பேஸ் டிரம். கர்நாடகக் கச்சேரில தம்பூரா. ரெண்டாவது இசைய படிக்கணும்னா "எனக்கு பாடத் தெரியும், நானும் ஒரு பாட்டு பாடுறேன்"னு போகாதீங்க. "அண்ணே, ஜால்ரா பிடிக்க ஆள் வேணுமா"ன்னு போங்க. ஆள் எப்பவும் வேணும்.

வில்லுப்பாட்ட எடுத்துக்கிடுங்க. நடுவுல வில்லு, அதுல மணிங்க கட்டி இருக்கும், முன்னால இருக்குற புலவர் ரெண்டு கையிலயும் வீசுகோல் வச்சு நாண தட்டிட்டே கத சொல்லுவாரு, பக்கத்துல குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. அவரு ஒரு வரி சொன்ன உடனே பின்னால இருக்கவங்க "ஆமா"ன்னு போடுவாங்க. பாக்க லேசா இருக்கும். அந்த ஆமா எங்க விழணும், எவ்வளவு ஓங்கி விழணும், எப்போ போடாம விடணும்னு படிக்கவே ஒரு கொடை சீசன் ஆகும். கத துக்கத்துக்குப் போறப்ப அது எறங்கணும், சாமி வர்ற நேரத்துல ஏறணும். இத பிடிச்ச பையன் அப்புறம் ஜாஸ் கேட்டாலும் சரி, கவாலி கேட்டாலும் சரி, முன்னால இருக்குறவன் வீசுறத பின்னால இருக்குறவன் எப்படி வாங்கித் திருப்பிக் குடுக்கணும்னு அவனுக்குத் தெரியும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நம்ம ஒழுகினசேரிக்காரரு, வில்லுப்பாட்டுல இருந்துதான் கெளம்பினாரு, அவரோட பேச்சுல ஒவ்வொரு இடைவெளியும் எப்படி விழுதுன்னு கேட்டா அது எங்க படிச்சதுன்னு புரியும்.

போற எடத்துல சில மரியாதை இருக்கு. கொடைல வில்லுப்பாட்டு சாமிக்குப் பாடுறது, மேடை நிகழ்ச்சி இல்ல, நடுவுல எழும்பி போன் பேசப் போகக்கூடாது, சாமியாடுறவங்கள வீடியோ எடுக்கணும்னா கோயில் பெரியவங்ககிட்ட கேக்கணும். சர்ச் கொயர்ல ப்ராக்டீஸுக்கு வராம ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து நின்னா மாஸ்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா மத்தவங்க மனசுல எடம் போயிரும். மேளத்துல ஆசான் வாசிக்கிற கருவிய கேக்காம தொடக்கூடாது. வேற மதத்து எடத்துக்குப் போறோமேன்னு தயங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பாட்டு படிக்கணும்னு உண்மையா வந்த பிள்ளைய நம்ம மாவட்டத்துல யாரும் திருப்பி அனுப்பி நான் பாத்ததில்ல. நேராப் போயி, எதுக்கு வந்தோம்னு வெளிப்படையா சொல்லுங்க.

முக்கியமா அங்க போயி உங்க பழைய இசைய கலக்காதீங்க, கொறஞ்சது ஒரு சீசன் முழுக்க. கர்நாடகம் படிச்ச பிள்ளை கொயர்ல போயி ஒவ்வொரு நோட்டையும் அசைச்சுப் பாடினா பக்கத்துல நாலு குரல் சேந்து உண்டாக்குற கார்டு கலைஞ்சு போகும். அங்க நேரா, அசையாம, பக்கத்து ஆள் குரலுக்குள்ள போயி ஒளியிற மாதிரி பாடணும். அதே மாதிரி கொயர் பிள்ளை வில்லுப்பாட்டுல போயி மெல்லிசா தலைக்குரல்ல பாடினா கேக்கவே கேக்காது, அங்க தொண்டைய தெறந்து ஊரு கேக்க பாடணும். ரெண்டையும் தனித்தனியா படிச்ச பிறகுதான் கலக்குறதுக்கு உரிமை வரும்.

ராகமும் ஸ்கேலும்

மேல்நாட்டு இசை ஸ்கேலும் (ஸ்வர வரிசையும்) நம்ம ராகமும் எங்கெங்க சந்திக்குதுன்னு தெரிஞ்சு வச்சிக்கிட்டா ரெண்டு பக்கமும் வேலை லேசாகும். சங்கராபரணம் மேஜர் ஸ்கேல். கல்யாணி லிடியன், அதாவது மேஜர்ல ம மட்டும் ஏறும். ஹரிகாம்போதி மிக்ஸோலிடியன், நி எறங்கும். கரகரப்பிரியா டோரியன். நடபைரவி நேச்சுரல் மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர். தோடி ஃப்ரிஜியன். மோகனம் அஞ்சு ஸ்வர மேஜர் பென்டடோனிக். கர்நாடகத்துல மொத பாடம் படிக்கிற மாயாமாளவகௌளைல ஸவுல இருந்து மவுக்கு இருக்குற எடைவெளிங்க அப்படியே பவுல இருந்து மேல் ஸவுக்கும் வரும், ரிஷபமும் தைவதமும் தாந்து இருக்கும், கொயர் பிள்ளைங்க இத மட்டும் தனியா ஒரு மாசம் பாடிப் பழகணும், காதுக்கு புதுசு.

ஆனா இந்த ஜோடிகள மனப்பாடம் பண்ணிட்டு தோடி தெரியும்னு நினைச்சிராதீங்க. ஃப்ரிஜியன் ஸ்கேல கீபோர்டுல அழுத்தினா தோடி வராது, தோடியோட காந்தாரம் ஒரு எடத்துல நிக்கவே நிக்காது, அது ஆடுற ஆட்டத்துலதான் தோடி இருக்கு. ஸ்கேல் தெரு மாதிரி, ராகம் அந்தத் தெருவுல போற ஒரு ஆளோட நடை. அதனால கீபோர்டு, கிட்டார் பிள்ளைங்க ராகம் படிக்கணும்னா மொதல்ல வாயால பாடிப் படிங்க, அப்புறம் கையில கொண்டு வாங்க, பிட்ச் பென்ட் வீல் எல்லாம் அதுக்கு அப்புறம். வயலின் பிள்ளைங்களுக்கு நல்ல வசதி, ஒரே கருவி ரெண்டு பக்கமும் போகும், ஆனா ட்யூனிங் வேற. மேல்நாட்டுல ஜி டி ஏ ஈ, கர்நாடகத்துல ஸ ப ஸ ப, பிடிக்கிறதும் வேற, உக்காந்து கால் மேல வயலின் தலைய ஊனி வாசிப்போம். ரெண்டும் படிக்கிறதுன்னா முடிஞ்சா ரெண்டு வயலின் வச்சிக்கிடுங்க, ஒண்ணையே தினமும் திருப்பித் திருப்பி ட்யூன் மாத்தினா தந்தி அறும்.

இந்தக் கலப்பு புதுசும் இல்ல. முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு பேண்டு மெட்டுகள கேட்டு நோட்டுஸ்வரம் பண்ணினாரு, எல்லாம் சங்கராபரணத்துல, சின்னப் பிள்ளைங்க லேசா பாடலாம். கொயர் பிள்ளைக்கு கர்நாடகத்துல நுழைய அத விட நல்ல வாசல் எனக்குத் தெரியல, மெட்டு பழகினதா இருக்கும், வார்த்தை சமஸ்கிருதமா இருக்கும், கமகம் (ஸ்வரத்த அசைச்சுப் பாடுறது) கம்மி. நம்ம திருவிதாங்கூர்லயே சுவாதித்திருநாள் மகாராஜா சபைக்கு தஞ்சாவூர்ல இருந்து வந்த வடிவேலு மேல்நாட்டு வயலின கர்நாடகத்துக்கு கொண்டுவந்த ஆளுங்கள்ல ஒருத்தரு, 1834ல ராஜா அவருக்கு தந்தத்துல வயலின் குடுத்தாரு. இந்தப் பக்கம் வாங்கன்னா, இளையராஜா மெட்ராஸ்ல தன்ராஜ் மாஸ்டர்கிட்ட உக்காந்து மேல்நாட்டு இசைய முறையா படிச்சாரு, ஊர்ல கேட்டு வளந்த பாட்டு உள்ள கெடந்துது, அதுக்கு மேல மாஸ்டர்கிட்ட ஒழுங்கா படிப்பு. அந்த வரிசைய கவனிங்க.

நம்ம சர்ச்சுல இருக்குற தமிழ் கீர்த்தனை புஸ்தகத்த எடுத்துப் பாருங்க, நிறைய பாட்டுக்கு மேல ராகம் தாளம் போட்டிருக்கும், செஞ்சுருட்டின்னோ வேற என்னவோ. பாதிப் பேரு அத பாக்காமலே பாடிட்டுப் போறாங்க. அதுல ஒரு கீர்த்தனைய எடுத்து மூணு விதமா வேலை பாருங்க. மொதல்ல தம்பூரா மட்டும் வச்சு அந்த ராகத்துல பாடுங்க, ராகம் தெரிஞ்ச ஆசான்கிட்ட காட்டி திருத்திக்கிடுங்க. அப்புறம் அதே மெட்டுக்கு கார்டு போட்டுப் பாருங்க, எந்த கார்டு போட்டா ராகத்தோட முகம் மாறுது, எது போட்டா மாறலன்னு குறிச்சு வைங்க. கடைசில ஒரு கீழ்க்குரல் மட்டும் எழுதுங்க, நாலு குரல் வேண்டாம், ஒண்ணு போதும். இந்த ஒரு கீர்த்தனைக்கு ஒரு மாசம் ஆகட்டும். பைய செஞ்சா போதும்.

கேட்டு எழுதுறது

கேக்குறதுன்னா பின்னால பாட்டு ஓடவிட்டுட்டு வேலை பாக்குறது இல்ல. முப்பது செகண்டு எடுங்க, எந்த இசையா இருந்தாலும் சரி. போன்ல வேகத்த பாதியாக்கி மொதல்ல பாடுங்க, அப்புறம் ஸ்வரமாவோ சோல்ஃபாவோ எழுதுங்க, அப்புறம் வாசிங்க. பாடாம நேரா கருவில தேடுனீங்கன்னா விரலுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒரு முப்பது செகண்டு போதும். மொத வாரம் உங்க இசைல, அடுத்த வாரம் உங்களுக்கு புதுசா உள்ளதுல, இப்படி மாறி மாறி.

நேர்ல கேக்கணும்னா நவராத்திரிய விடாதீங்க. வருஷா வருஷம் பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதியும், வேளிமலையில இருந்து குமாரசாமியும், சுசீந்திரத்துல இருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமா போறாங்க, அங்க நவராத்திரி மண்டபத்துல ஒம்பது நாளும் கச்சேரி. நாளுக்கு ஒண்ணா சுவாதித்திருநாளோட நவராத்திரி கிருதி, சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபின்னு ஒம்பது ராகம். ராகம் கேட்டு அடையாளம் காணப் பழகுறவங்களுக்கு இது ஒரு முழுப் பாடத்திட்டம், என்ன ராகம் வரும்னு முன்கூட்டியே தெரியும், அன்னிக்கு காலைல அந்த ராகத்தோட ஆரோகணம் அவரோகணம் பாடிட்டுப் போகலாம்.

தினசரி, தொண்டை, சம்பாத்தியம்

ஒரு மணி நேரம் கெடச்சா அதுல பாதி உங்க மொத இசைக்குத்தான், இது எத்தனை வருஷம் ஆனாலும் மாறக்கூடாது. கால் மணி ரெண்டாவதுக்கு, மீதி கேட்டு எழுதுறதுக்கு. ஒரே நேரத்துல ரெண்டுக்கு மேல வேண்டாம், மூணாவது ஆசை வந்தா ரெண்டாவதுல ஒரு சீசன் முடிச்சிட்டுப் போங்க. கஷ்டமான எடத்த மெட்ரோநோம்ல 60ல வச்சு தப்பில்லாம மூணு தடவ வந்தா 64, அப்புறம் 68, அவசரப்படாதீங்க. வாரத்துல ஒரு தடவ போன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க, அன்னிக்கே கேக்காதீங்க, ஒரு நாள் கழிச்சு கேளுங்க, அப்பத்தான் வேற ஆள் பாடுன மாதிரி காதுல விழும்.

பாடுறவங்க தொண்டைய பாத்துக்கிடணும். கொடைல ராத்திரி முழுக்க ஓங்கிப் பாடிட்டு மறுநாள் காலைல கொயர்ல சோப்ரானோ எடுக்காதீங்க, ஒரு நாள் விடுங்க. தண்ணி நிறைய குடிங்க, குரல் கம்முனா கிசுகிசுன்னு பேசுறதும் தொண்டைக்கு நல்லதில்ல, பேசாம இருக்குறதுதான் ஓய்வு. ரெண்டு மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியே இருந்துச்சுன்னா கஷாயம் குடிச்சிட்டு இருக்காம காது மூக்கு தொண்டை டாக்டரப் பாருங்க. பதின்மூணு பதினாலு வயசுல குரல் உடையிற பையன்கள வற்புறுத்தி மேல் ஸ்தாயி பாட வைக்கிறத பாத்தா எனக்கு கோவம் வரும், அந்த ஒரு ரெண்டு வருஷம் அவனுக்கு தாளமும் நொட்டேஷனும் குடுங்க, கீழ லேசா பாடட்டும், குரல் தானா வந்து நிக்கும்.

காசு விஷயத்துல, பல இசை தெரிஞ்ச ஆளுக்கு நம்ம பக்கத்துல வேலைக்கு பஞ்சமில்ல, கல்யாண ஆர்கெஸ்ட்ரா, சர்ச் விழா, ஸ்டூடியோ கோரஸ், பிள்ளைங்களுக்கு ட்யூஷன். ஆனா மொத ரெண்டு வருஷத்துல ஆர்கெஸ்ட்ரால மாட்டிக்கிடாதீங்க, வாரம் முழுக்க அதே பாட்டு வாசிச்சு படிப்பு நின்னு போகும். கர்நாடகமோ மெல்லிசையோ நாட்டுப்புறமோ ஓரளவு கை வந்த பிறகு ஆகாசவாணி ஆடிஷனுக்கு எழுதிப் போடுங்க, பி கிரேடுல இருந்து டாப் வரைக்கும் தரம் பிரிப்பாங்க, கெடைக்குதோ இல்லியோ அதுக்குத் தயாராகுறதே ஒரு நல்ல படிப்பு.

எப்போ போயி கேக்கணும்னு மட்டும் கடைசியா சொல்லிடுறேன், ஏன்னா நேரம் தப்பினா ஒரு வருஷம் போயிரும். வில்லுப்பாட்டு, மேளம் படிக்கணும்னா கொடை தொடங்கின பிறகு போகாதீங்க, அப்ப அவங்களுக்கு தூங்கவே நேரம் இருக்காது, தை மாசத்துலயே போயி பேசி வச்சிட்டு ரிகர்சல்ல உக்காருங்க. கொயருக்குன்னா கிறிஸ்துமஸ் கேரலுக்கு ப்ராக்டீஸ் தொடங்குற முன்னால, மழைக்காலம் வர்றப்பவே போயி பேர் குடுங்க, டிசம்பர்ல போனா ஒங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது. கர்நாடக ஆசான்கிட்ட சேர பெரும்பாலான வீட்டுல விஜயதசமிய பாப்பாங்க, அதுவரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, இந்த வாரமே போயி ஒரு கிளாஸ் ஓரமா உக்காந்து கேக்கலாமான்னு கேளுங்க.